டெக்சாஸில் இரவில் வில்லோடு காட்டுப்பன்றி வேட்டை: முதல் முறை போகிறவர்களுக்கு

முதல் இரவில் நான் விட்ட அம்பு பன்றியின் மேல் பட்டது. ஆனால் பன்றி கிடைக்கவில்லை. நம்மூர் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் புதருக்குள் விடியும்வரை ரத்தத்துளி தேடி அலைந்தோம். ஐந்தாறு சொட்டுக்கு மேல் கண்ணில் படவில்லை. எங்கோ போய் மெதுவாகத்தான் செத்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வேதனைதான். அதற்கு முன்னால் நிலம் தேடியே மூன்று மாதம் போயிருந்தது, 200 டாலர் ஏமாந்தும் இருந்தேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. உங்களுக்கு நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது டெக்சாஸ் மாநிலத்துக்கு மட்டும் எழுதியது. பக்கத்து மாநிலங்களில் விதிகள் வேறு. இந்தியாவில் காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருவது. இதைப் படித்துவிட்டு ஊரில் முயன்று பார்த்தால் வழக்குதான் வரும்.

1. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சாஸில் காட்டுப்பன்றி, மான் போல ‘வேட்டை விலங்கு’ பட்டியலில் இல்லை. அதனால் இதற்குப் பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, இரவில் வேட்டையாடவும் தடை கிடையாது. 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் நிலத்துக்காரர் சம்மதத்தோடு பன்றி வேட்டையாட உரிமமும் தேவையில்லை. இந்தச் சலுகை தனியார் நிலத்துக்கு மட்டும்தான். அரசு வேட்டை நிலங்களுக்குப் போனால் உரிமம் வேண்டும், அதற்கு மேல் 48 டாலர் ஆண்டு அனுமதியும் வேண்டும். இரவு வேட்டைக்கு அங்கே வழியில்லை. ஆகவே இரவு என்று முடிவு செய்துவிட்டால் தனியார் நிலம்தான்.

எல்லாம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து அசந்துவிடாதீர்கள். பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. மேற்கு, தெற்கு டெக்சாஸில் ஹாவலீனா என்று ஒரு விலங்கு உண்டு. இருட்டில் அச்சு அசல் சின்னப் பன்றி மாதிரியே தெரியும். அது சட்டப்படி வேட்டை விலங்கு. அதற்குப் பருவமும் வரம்பும் உண்டு, இரவில் தொடவே கூடாது. கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை, வால் இருப்பதே தெரியாத பின்புறம், கூட்டமாக வந்தாலும் எல்லாம் ஒரே அளவு: இதுதான் ஹாவலீனா. காட்டுப்பன்றிக்கு வால் தொங்கும், கூட்டத்தில் பெரிதும் குட்டியும் கலந்திருக்கும். வித்தியாசம் தெரியாத வெளிச்சத்தில் நாணை இழுக்காதீர்கள்.

இரவில் வேட்டைக்கு உட்காரும் முன், அந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கேம் வார்டனுக்கு, அதாவது வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிக்கு, ஒரு போன் போட்டு இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இது கட்டாயமில்லை. ஆனால் நள்ளிரவில் வயலில் வெளிச்சம் தெரிந்தால் யாரோ மான் திருடுகிறார்கள் என்றுதான் பக்கத்து நிலத்துக்காரர் புகார் கொடுப்பார். இரண்டு நிமிடப் பேச்சு அந்தத் தொல்லையைத் தவிர்த்துவிடும்.

2. விசாவில் இருக்கிறீர்களா? இதைத் தவறாமல் படியுங்கள்

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. நான் வில்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் முதல் காரணம்.

இங்கே பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பன்றிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் நீங்கள் உரிமம் எடுத்திருக்க மாட்டீர்கள். கூட வந்த நண்பர் ரைஃபிள் வைத்திருப்பார். “கொஞ்சம் பிடி, கேட்டைத் திறந்துவிட்டு வருகிறேன்” என்பார். கையில் வாங்கிய நொடியிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஆகவே தேவையில்லை என்றாலும் உரிமம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால், குடியுரிமை எதுவாக இருந்தாலும், உள்ளூர்வாசிக் கட்டணம் 25 டாலர்தான். வெளிமாநிலத்தவருக்கு 48 டாலரில் ஐந்து நாள் சிறப்பு உரிமம் இருக்கிறது, அதில் பன்றியும் அடங்கும். உரிம ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. ஜூலையில் எடுத்தால் இரண்டு மாதத்தில் காலாவதி ஆகிவிடும். உரிமம் இருந்தாலும் அடுத்தவர் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே என் வழக்கம்.

உரிமத்தோடு வேட்டைக் கல்வி வகுப்பும் சேர்ந்து வரும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமத்தின் கீழ் வேட்டையாட அதை முடித்திருக்க வேண்டும். பதினேழு வயதுக்கு மேல் என்றால் இணையத்திலேயே முடிக்கலாம். எனக்கு ஒரு வார இறுதி ஆனது. நான் அதுவரை வில்லைத் தொட்டதே இல்லை. அதனால் அந்த வகுப்பு எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது.

3. நிலம்: கடிதம் வாங்காமல் காலை வைக்காதீர்கள்

டெக்சாஸில் பெரும்பாலான நிலம் தனியாருடையது. அனுமதியில்லாமல் உள்ளே போவது கிரிமினல் குற்றம், கையில் ஆயுதம் இருந்தால் தண்டனை இன்னும் கூடும். விசாவில் இருப்பவருக்கு அபராதம்கூடப் பெரிய விஷயமில்லை. அடுத்த விசா விண்ணப்பப் படிவத்தில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா’ என்ற கேள்வி காத்திருக்கும். வேலியில் ‘நுழையாதே’ பலகை இல்லையென்றாலும், மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை பூசியிருந்தால் அதற்கும் அதே சட்ட அர்த்தம்தான்.

நான் 200 டாலர் ஏமாந்த கதை இதுதான். ஒருவர் தன் ராஞ்சில் (பெரிய மாட்டுப் பண்ணை) பன்றி நிறைய இருக்கிறது என்றார். முன்பணம் கேட்டார், கொடுத்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அவர் நிலத்துக்காரர் இல்லை. மான் பருவத்துக்காக அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். வேறு ஆளை உள்ளே அழைத்துவர அவருக்கு உரிமையே இல்லை. உண்மையான சொந்தக்காரர் டிரக்கில் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். கோபப்படாமல் சொன்னார், அது என் அதிர்ஷ்டம். பணம் திரும்பி வரவில்லை.

இதைத் தவிர்ப்பது மிக எளிது. ஒவ்வொரு கவுண்டிக்கும் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் உண்டு. அதன் இணையதளத்தில் முகவரியோ வரைபடமோ கொண்டு தேடினால் நிலத்தின் சொந்தக்காரர் பெயர் இலவசமாகத் தெரியும். பணம் கொடுக்கும் முன் பாருங்கள். உங்களிடம் பேசுகிறவர் பெயரும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால், சொந்தக்காரரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாய்ச்சொல் அனுமதி போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. ஒரு பக்கக் கடிதம் தயார் செய்துகொண்டு போங்கள், அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். சொந்தக்காரர் பெயர், தொலைபேசி எண், நிலத்தின் முகவரி, உங்கள் பெயர், கூட வருபவர் பெயர், வண்டி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன விலங்கு, என்ன ஆயுதம் என எல்லாம் அதில் இருக்கட்டும். ‘இரவில்’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு நகல் வண்டியில், ஒரு படம் போனில். சில ராஞ்சுகளில், அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்ற தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அது வழக்கம்தான், ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள்.

கையெழுத்து வாங்கும்போதே சில கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். அன்று இரவு வேறு யாராவது உள்ளே இருப்பார்களா? மாடுகள் எந்தப் பக்கம்? காவல் நாய் உண்டா? அடிபட்ட பன்றி வேலி தாண்டினால் பக்கத்து நிலம் யாருடையது? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல், அடிபட்ட விலங்கைத் தேடிக்கூட வேலி தாண்ட முடியாது. முன்கூட்டியே அவர் எண்ணை வாங்கி வைத்திருந்தால் இரவு இரண்டு மணிக்குத் தவிக்க வேண்டியதில்லை. அப்புறம் கேட் விஷயம். திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டு வாருங்கள். இதில் தவறினால் மறுமுறை அழைக்க மாட்டார்கள்.

செலவு? விவசாயிகளில் சிலர், பன்றி ஒழிந்தால் சரி என்று சும்மா விடுவார்கள். கட்டணம் வாங்கும் ராஞ்சுகளில் நான் விசாரித்தவரை ஓர் இரவுக்கு 150 முதல் 300 டாலர் வரை ஆகும். முதல் தடவைக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். பன்றியை வரவழைக்க மக்காச்சோளம் கொட்டும் தீனிப்பெட்டி, விளக்கு, பரண் எல்லாம் அங்கேயே இருக்கும், தெரிந்த ஆள் கூட இருப்பார்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும், நவம்பரிலிருந்து ஜனவரிவரை பொதுப் பருவம். அந்த மாதங்களில் மான் வேட்டைக்காரர்கள் குத்தகைப் பணம் கட்டியிருப்பார்கள், பன்றிக்காக வந்து மானைக் கலைக்க யாரையும் விடமாட்டார்கள். பிப்ரவரி தொடங்கி செப்டம்பருக்குள் கேளுங்கள். புதியவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் மிக நல்லது. இரவு குளிர்ச்சியாக இருக்கும், இறைச்சி சீக்கிரம் கெடாது, பாம்பு நடமாட்டமும் கோடையைவிடக் குறைவு.

4. வில், அம்பு, விளக்கு

காம்பவுண்டு வில்லை (முனைகளில் கப்பி வைத்த நவீன வில்) இணையத்தில் வாங்காதீர்கள். வில் கடைக்கு நேரில் போய், கை நீளத்துக்கு ஏற்ப இழுப்பு அளவை அவர்களையே வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அளவு அரை அங்குலம் தவறினாலும் குறி தப்பும், முன்கையில் நாண் அடிக்கும். இழுப்பு எடை 50 முதல் 60 பவுண்டு இருந்தால் பன்றிக்குப் போதும். 70 பவுண்டு வாங்கி இழுக்கத் திணறுவதைவிட, 50 பவுண்டை அசையாமல் ஒரு நிமிடம் பிடித்து நிற்பது மேல்.

அம்பு கனமாக இருக்கட்டும். முனையோடு சேர்த்து 450 கிரெய்னுக்கு (அம்பின் எடையைச் சொல்லும் அளவு) குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் கேடயம் போலக் கெட்டியான திசு இருக்கும். விரியும் முனைகள் அதில் வேகத்தை இழந்துவிடும். அசையாத பிளேடு கொண்ட முனைதான் சரி. நான் முதலில் விரியும் முனை வாங்கியதும் அந்தப் பன்றியை இழந்ததற்கு ஒரு காரணம்.

நான் செலவழித்தது தோராயமாக இது. சாதனங்கள் பொருத்திய வில் 500 டாலர், ஒரு டஜன் அம்பு 100, மூன்று முனைகள் 40, வில்லில் மாட்டும் பச்சை விளக்கு 80, தலைவிளக்கு 30, அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் ஒளிரும் ‘நாக்’ (nock) மூன்று 30. இருட்டில் அம்பு எங்கே பட்டது, எங்கே கிடக்கிறது என்று அந்த ஒளிதான் காட்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெப்பம் காட்டும் தெர்மல் கருவி இருந்தால் நல்லது, ஆனால் விலை அதிகம். விளக்கு வைத்த தீனிப்பெட்டியின் அருகே உட்காரப் போகிறீர்கள் என்றால் முதல் வருடம் அது வேண்டாம்.

பகலில் நன்றாக வேலை செய்யும் வில் இரவில் ஏமாற்றும். நாணில் இருக்கும் பார்வைத் துளை சின்னதாக இருந்தால் இருட்டில் அதன் வழியாக ஒன்றுமே தெரியாது. கால் அங்குலத் துளைக்கு மாற்றச் சொல்லுங்கள், பத்து டாலர்தான் ஆகும். குறிமுள்ளில் விளக்கு இருந்தால் அதை மிக மங்கலாக வையுங்கள். பிரகாசமாக வைத்தால் முள் மட்டும் தெரியும், பன்றி மறைந்துவிடும்.

5. பயிற்சி, அதுவும் இருட்டில்

வில் புதிது என்றால் மூன்று மாதமாவது வேண்டும். இருபது கஜத்தில் (இங்கே யார்டு என்பார்கள்) பத்து அம்பில் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும்வரை காட்டுக்குப் போகாதீர்கள். ஒன்பது விழுந்தால் போதாது. அதன் பிறகு உட்கார்ந்து, குளிர் உடையோடு, பச்சை விளக்கில் பழகுங்கள். பயிற்சி மைதானங்களில் மாலை நேரத்தில் கேட்டால் சிலர் விடுவார்கள்.

6. எங்கே உட்காருவது, எப்போது

பன்றிக்குக் கண் மந்தம். காது கூர்மை, மூக்கு அதைவிடக் கூர்மை. உங்கள் பக்கத்திலிருந்து தீனிப்பெட்டிக்குக் காற்று வீசினால் அன்றைக்குத் திரும்பிப் போய்விடுங்கள். பணம் கட்டியாயிற்றே என்று உட்கார்ந்து பார்த்தேன். கூட்டம் 60 கஜத்தில் நின்றது, ஒன்று உறுமியது, எல்லாம் ஓடிவிட்டன. அடுத்த மூன்று இரவும் அந்தப் பக்கமே வரவில்லை. சின்ன டப்பாவில் முகப்பவுடர் எடுத்துப்போய் அரை மணிக்கு ஒரு தடவை ஊதிப் பாருங்கள். காற்று திரும்பினால் எழுந்துவிடுங்கள்.

தீனிப்பெட்டியிலிருந்து 15 முதல் 20 கஜத்துக்குள் மறைவு அமையட்டும். பச்சை அல்லது சிவப்பு விளக்கு பல நாட்களாக இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்தால் பன்றிகள் பழகிவிடும். அன்றைக்குத் திடீரென்று போட்டால் பழகாது. ரொம்ப முன்னாலேயே உள்ளே போய் உட்காராதீர்கள், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போதும். பன்றி எட்டு மணிக்கும் வரும், அதிகாலை மூன்றுக்கும் வரும். மறுநாள் அலுவலகம் இருக்கும் இரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் நூறு மைல் வண்டி ஓட்டுவதுதான் இந்த வேட்டையிலேயே மிக ஆபத்தான பகுதி.

உட்காரும் முன் தரையில் விளக்கடித்துப் பாருங்கள். நெருப்பெறும்புப் புற்று, ராட்டில் பாம்பு இரண்டும் இங்கே சாதாரணம். கணுக்கால் மறையும் பூட்ஸ் போடுங்கள், உண்ணிக்கு மருந்து அடித்துக்கொள்ளுங்கள்.

7. அம்பு விடும்போது

மானுக்குச் சொல்லிக்கொடுப்பது போலத் தோளுக்குப் பின்னால் நடுவில் அடித்தேன். அதுதான் என் பெரிய தவறு. பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னாலும் கீழேயும் இருக்கின்றன. நடுவுடம்பில் பட்டால் அது குடல்.

பக்கவாட்டில் நின்றால், முன்னங்காலின் பின் மடிப்பை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். அதைவிட நல்ல கோணம், பன்றி தன் பின்புறம் சற்றே உங்கள் பக்கம் திரும்பியபடி சாய்வாக நிற்பது. அப்போது மறுபக்கத்து முன்னங்காலை நோக்கி அம்பு போக வேண்டும், கேடயத்தைத் தொடாமல் பின்னாலிருந்து உள்ளே நுழையும். நேருக்கு நேர் பார்த்து நின்றால் விடாதீர்கள். குட்டிகளோ இன்னொரு பன்றியோ பின்னால் நின்றாலும் விடாதீர்கள். எல்லாம் தலையைக் கவிழ்த்து மக்காச்சோளம் மெல்லும் சத்தம் கேட்கும்போது நாணை இழுங்கள், அந்தச் சத்தம் உங்கள் அசைவை மறைக்கும்.

இருபது கஜத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சரி.

8. விட்ட பிறகு

எழுந்து ஓடாதீர்கள். எந்தப் பக்கம் ஓடியது, எங்கே சத்தம் நின்றது என்று காதால் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அப்படியே இருங்கள். அப்புறம் அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கல்லீரல், இரண்டு மணி நேரமாவது பொறுங்கள். பச்சையோ பழுப்போ ஒட்டி நாற்றம் அடித்தால் குடல். நான்கைந்து மணி நேரம் தொடவே கூடாது. உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் போகும், நாங்கள் இழந்தது அப்படித்தான். வெயில் காலத்தில் இறைச்சி கெட்டுவிடுமே என்று மனம் அடித்துக்கொள்ளும். இறைச்சி போனாலும் பரவாயில்லை, விலங்கு கிடைக்க வேண்டும்.

பன்றியின் கொழுப்பும் சேறும் காயத்தை அடைத்துவிடுவதால் ரத்தத்தடம் மெலிதாகத்தான் இருக்கும். கடைசித் துளி கண்ட ஒவ்வோர் இடத்திலும் டிஷ்யூ தாள் ஒன்றைக் கிளையில் செருகிக்கொண்டே போங்கள், திரும்பும்போது எடுத்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். அடிபட்ட ஆண் பன்றி அடர்ந்த புதருக்குள் படுத்திருந்தால் நேராகக் காலுக்குத்தான் வரும், கோரைப்பல் தொடையைக் கிழித்தால் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும். ரத்தம் நிறுத்தும் கட்டுப்பட்டை ஒன்று பையில் இருக்கட்டும், 30 டாலர். அதைக் கட்டத் தெரிந்தும் இருக்க வேண்டும்.

9. இறைச்சி

காட்டுப்பன்றியிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய நோய்களில் புரூசெல்லோசிஸ் முக்கியமானது. ரத்தம், ஈரமான உறுப்புகள் வழியாகப் பரவும். அறுக்கும்போது ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் சின்ன வெட்டு இருந்தாலும் இரண்டு கையுறை. அறுத்துக்கொண்டே சாப்பிடுவது, புகைப்பது கூடாது. நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். போலி வெறிநோய் என்ற தொற்று பன்றியிலிருந்து நாய்க்கு வந்தால் பிழைக்காது. கொழுப்பு நீலமாகத் தெரிந்தால் அந்தப் பன்றி வார்ஃபரின் நஞ்சு கலந்த தீனி தின்றிருக்கிறது, சாப்பிட வேண்டாம்.

நூறு பவுண்டுக்குள் இருக்கும் பெண் பன்றியின் கறி நன்றாக இருக்கும். பெரிய ஆண் பன்றிக்கு வாடை உண்டு, எந்த மசாலாவும் அதை மறைக்காது. ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்துவிட்டு, துண்டுகளை ஐஸ் பெட்டியில் வையுங்கள். பெரிய பெட்டியும் 40 பவுண்டு ஐஸும் வண்டியில் முன்பே இருக்க வேண்டும், நள்ளிரவில் அந்தச் சாலைகளில் கடை திறந்திருக்காது. வெட்டித்தரும் கடைகள் சில காட்டுப்பன்றியை ஏற்பதில்லை, முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

கழிவை எங்கே போடுவது என்று நிலத்துக்காரரைக் கேளுங்கள். சாலையோரத்திலோ ஓடையிலோ வீசுவது குற்றம். சமைக்கும்போது உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் தொட வேண்டும். குக்கரில் ஆறேழு விசில் விட்டு, அப்புறம் மிளகு போட்டு வறுத்தால் அந்தக் கவலையும் இருக்காது. கத்தி, பலகை, கையுறை பட்ட கார் கைப்பிடி எல்லாவற்றையும் பிளீச் கலந்த தண்ணீரில் துடைத்துவிடுங்கள். சில வாரங்களுக்குள் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை வந்தால் மருத்துவரிடம் பன்றி அறுத்ததை நீங்களாகவே சொல்லுங்கள். நம் முகத்தைப் பார்த்து அவர்களுக்கு அது தோன்றாது.